பருவத்துக் கீரையும் வீட்டு அடுப்பும்

   

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் சமையல். மௌலவி ஒருவருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

2017ஆம் ஆண்டு நமது நாட்டில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. அவ்வாண்டில் மாத்திரம் 180,000இற்கும் அதிகமானோர் அந்நோய்க்கு உள்ளாகினர். அவர்களுள் என் மனைவியும் ஒருவர். அவர் ஐந்து நாட்கள் வைத்தியசாலையில் இருந்தார். நான்கு வயது மகளும் இரண்டு வயது மகனும் என் பொறுப்பில் இருந்தனர். முதல் நாள் கடை இடியப்பம். இரண்டாம் நாள் கடை ரொட்டி. மூன்றாம் நாள் நூடில்ஸ். அந்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. குடும்பத்தினருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் பற்றி ஜும்ஆவில் குத்பா ஓதிவிட்டு வீடு திரும்பியிருந்தேன். மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "வாப்பா, உம்மா ஆக்குற இலக்கஞ்சி வேணும்" என்றாள்.

ஏழு ஆண்டுகள் அரபுக் கல்லூரியில் இலக்கணமும் பிக்ஹும் கற்ற எனக்கு, ஒரு பிடி அரிசியைக் குழைய வைக்க எத்தனை கோப்பைத் தண்ணீர் வேண்டும் என்பது தெரியவில்லை. முழங்கால் வலியால் நிற்க முடியாத என் உம்மா கதிரையில் அமர்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான் செய்தேன். கஞ்சி அடிபிடித்துவிட்டது. மகள் அதையும் குடித்தாள். அன்று நான் வெட்கப்பட்டது கஞ்சி கருகியதற்காக அல்ல. சற்று முன்னர் மிம்பரில் நின்று பேசியவற்றுக்காகவே.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் வினவப்பட்டபோது, வீட்டாருக்கான பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து சென்றுவிடுவார்கள் என்றும் அன்னையவர்கள் கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இந்தச் செய்தியை அறியாத ஆலிம்கள் இல்லை. ஆயினும் அதை அடுப்படி வரை கொண்டு சென்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெண்பிள்ளைக்குப் பத்து வயதானதும் "தேங்காய் திருவிப் பழகு" என்கிறோம். அதே வீட்டில் பதினெட்டு வயது மகன் தான் குடித்த கோப்பையையும் கழுவாமல் எழுந்து போகிறான். அவன் நாளை கொழும்பில் அறையெடுத்துத் தங்குவான், கட்டாருக்கோ சவூதிக்கோ தொழிலுக்குப் போவான். இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டியும் குளிர்பானமும்தான் அவனுடைய உணவாகும். முப்பத்தைந்து வயதில் சீனி வியாதி என்று வைத்தியர் கூறும்போது நாம் திகைக்கிறோம்.

இன்னொரு செய்தியும் பெற்றோர் சிந்திக்கத்தக்கது. தையற்காரர் ஒருவர் நபியவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் சேர்ந்த ஆணமும் வைக்கப்பட்டன. நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதை உடனிருந்த இளைஞர் அனஸ் (ரழி) அவர்கள் பார்த்தார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் விருப்பமானதாகிவிட்டது என்று பிற்காலத்தில் கூறினார்கள். கவனியுங்கள். சுரைக்காயின் நன்மைகளைப் பற்றி அங்கே யாரும் அனஸுக்கு உபதேசம் செய்யவில்லை. தாம் நேசித்த ஒருவர் விரும்பி உண்பதை அவர் கண்டார், அவ்வளவுதான். வாப்பா முகம் சுளித்து ஒதுக்கும் கீரையைப் பிள்ளை உண்ணாது.

நேயர்களே! நான் கிழக்குக் கரையோரத்தைச் சேர்ந்தவன். எங்கள் பகுதியில் ஒக்டோபர் இறுதியில் மழை பிடித்தால் ஜனவரி வரை விட்டு விட்டுப் பெய்யும். அந்த மாதங்களில் வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈர நிலமெங்கும் செழிக்கும். வேலியிலே முசுட்டையும் குறிஞ்சாவும் படரும். குப்பைக்கீரை விதைக்காமலே முளைக்கும். மாசி பங்குனியில் புளி பழுக்கும். ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, உப்பிட்டுப் பானையில் அடைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் புளியாணத்துக்குக் கவலையில்லை. கச்சான் காற்று வீசும் வரண்ட மாதங்களில் மற்றக் கீரைகள் வாடினாலும் முருங்கை நின்று தரும். தென்மேற்கிலும் மலையடிவாரங்களிலும் வாழும் சகோதரர்களுக்கு அக்காலத்தில் பலாவும் ஈரப்பலாவும் உண்டு. பிஞ்சுப் பலாவைப் பொலோஸ் கறியாக்குவதும், பழுத்த பின் கொட்டைகளைக் காயவைத்து மணலில் புதைத்து மழைக்காலத்துக்கு எடுத்துவைப்பதும் அவ்வூர்களின் பழக்கம். எங்கள் உம்மம்மாவுக்கு நாட்காட்டி வாசிக்கத் தெரியாது. ஆயினும் அடுத்த மாதம் என்ன கறி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இலைக்கஞ்சி செய்யும் முறையைக் கூறுகிறேன். வானொலியில் மௌலவி ஒருவர் சமையற்குறிப்புச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பச்சையரிசி ஒரு பிடி, நான்கைந்து பூண்டுப் பற்கள், ஆறு கோப்பைத் தண்ணீர். அரிசி நன்கு குழையும்வரை மெல்லிய நெருப்பில் வையுங்கள். இடையிடையே அடிவரை கிண்டுங்கள். நான் அன்று செய்யத் தவறியது இதைத்தான். ஒரு கட்டு வல்லாரையை மூன்று தண்ணீரில் அலசி, அரை மூடித் தேங்காய்த் துருவலுடன் அரைத்துப் பிழிந்து சாறெடுங்கள். கஞ்சி குழைந்த பின்னர் உப்புச் சேர்த்து, சாற்றை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்கள். கொதிக்க விட்டால் பச்சை நிறம் மங்கும், மணமும் போய்விடும். தொட்டுக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. சீனி வியாதி உள்ளவர்களுக்கு அந்தத் துண்டு வேண்டாம். கருப்பட்டியும் சீனிதான்; இதில் ஏமாறுவோர் நம்மிடையே அதிகம்.

முருங்கை இலையாயினும் பொன்னாங்காணியாயினும் சுண்டல் செய்வது இதைவிட இலகு. இலையைப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், சிறிது மாசி, தேங்காய்ப்பூ சேர்த்துச் சில நிமிடங்கள் புரட்டினால் போதும். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிக்காய் பிழிய வேண்டும். தேசிக்காயிலுள்ள உயிர்ச்சத்து சூட்டில் அழிந்துவிடும். கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கு அந்த உயிர்ச்சத்துத் துணை செய்கிறது. தேங்காயிலுள்ள கொழுப்பும் வீணன்று; கீரையிலுள்ள 'ஏ' உயிர்ச்சத்துக்குரிய பொருள் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். ஆனால் சோறு உண்ட கையோடு சாயத் தேநீர் அருந்தும் நமது வழக்கம் இரும்புச் சத்தைத் தடுத்துவிடுகிறது. ஒரு மணி நேரம் பொறுத்து அருந்துங்கள். வளரும் பெண்பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் உள்ள வீடுகளில் இது சிறிய விடயமல்ல.

இனி ஓர் எச்சரிக்கை. மூலிகை என்றாலே தீங்கில்லாதது என்று கருதுவோர் உளர். என் மாமா ஒருவர் யாரோ சொன்னதைக் கேட்டு, சீனி வியாதிக்குரிய குளிசைகளை நிறுத்திவிட்டுக் கசப்பு இலைச் சாற்றை மட்டும் குடித்து வந்தார். காலில் ஏற்பட்ட சிறு காயம் ஆறவில்லை. இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது. நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு ஏவிய மார்க்கம் நம்முடையது. கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸை ஓதிவிட்டு இன்சுலினை எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறிப்பாகச் சிறுநீரக நோயாளர்கள் காமரங்காய்ச் சாறு, பிலிம்பிக்காய்ச் சாறு ஆகியவற்றை அருந்தவே கூடாது. அவற்றிலுள்ள ஒக்ஸாலிக் அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ஆரோக்கியமானவர்களும் வெறும் வயிற்றில் அவற்றைக் கோப்பை கோப்பையாகக் குடிப்பது ஆபத்தானது. மரவள்ளிக் கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் அவித்து, அவித்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கீரையை வீதியோரக் கழிவுக் கானிலும், மருந்தடித்த வயலின் வரம்பிலும் பறிக்காதீர்கள். அடுப்பு மருந்துச்சாலை அன்று. நோய் வருவதற்கு முன்னர் அது செய்யும் வேலை பெரிது. வந்த பின்னர் அது வைத்தியருக்குத் துணை மட்டுமே.

இவையெல்லாம் வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். 2020இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஒரு கிலோவின் விலை சில ஆயிரம் ரூபாவுக்கு உயர்ந்தது நினைவிருக்கும். அப்போது பலர் முற்றத்தில் மஞ்சள் நட்டார்கள். நாங்கள் பழைய உரப்பைகள் ஆறில் நட்டோம். ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் அது வீட்டுத் தேவைக்குப் போதுமானதாக விளைந்தது. பின்னர் 2022 வந்தது. எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் 90 சதவீதத்தையும் தாண்டியது. எங்கள் தெருவில் ஒரு ராத்தா, கணவரின் கூலிவேலை நின்றுபோன நிலையில், மூன்று பிள்ளைகளுக்கும் காலையில் முருங்கை இலைக்கஞ்சி கொடுத்தே பள்ளிக்கூடம் அனுப்பினார். அவருடைய வேலிமுருங்கை எங்கள் வீட்டுக்கும் இலை தந்தது. நாங்கள் மஞ்சள் கொடுத்தோம். ஆணம் காய்ச்சினால் நீரைச் சற்றுக் கூட்டி அயலவரையும் கவனிக்குமாறு அபூதர் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் செய்த உபதேசத்தை அரபுக் கல்லூரியில் நான் மனனம் செய்திருந்தேன். அதன் பொருளை அந்த ராத்தாவின் வேலியருகில்தான் விளங்கிக்கொண்டேன்.

சகோதரிகள் சிலர் இப்போது மனதுக்குள் ஒன்று கேட்பார்கள்: காலையில் பாடசாலைக்கோ காரியாலயத்துக்கோ செல்லும் நாங்கள் எப்போது கீரை ஆய்வது? நியாயமான கேள்வி. வீட்டுச் சமையலைப் புகழ்ந்து பேசும் ஆண்கள் அதன் முழுச் சுமையையும் பெண்களின் தலையில் ஏற்றிவிட்டு, இறுதியில் உப்புக் குறைவு என்று குறையும் கூறுவார்கள். நபியவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை; விருப்பமாயின் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பது அபூஹுரைரா (ரழி) அவர்களின் அறிவிப்பு. எங்கள் வீட்டில் இரவுத் தொழுகைக்குப் பின்னர் எல்லோரும் அமர்ந்து மறுநாளுக்கான கீரையை ஆய்கிறோம். அரை மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகள் பாடசாலைக் கதைகளை அப்போதுதான் சொல்கிறார்கள். கேட்டால் சொல்லாதவற்றையும் சொல்கிறார்கள். தொலைபேசியை அந்த நேரத்தில் யாரும் எடுப்பதில்லை. கையெல்லாம் ஈரமாயிருப்பதே காரணம்.

றமழானைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது மாதங்கள் பிறையோடு செல்வதால் நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே வருகிறது. சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் நோன்பு நவம்பர் இறுதியில் தொடங்கியது. சிறுவனாகிய நான் அஸருக்குப் பின் வாளியைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்தவாறே பள்ளிவாசலுக்குக் கஞ்சிக்குப் போனது நினைவிருக்கிறது. இஞ்சி, பூண்டு, ரம்பை, தேங்காய்ப்பால் சேர்ந்த அந்தக் கஞ்சியோடு வீட்டில் உம்மம்மா வல்லாரைச் சம்பல் வைத்திருப்பார். பின்னர் நோன்பு வெயில் மாதங்களுக்குச் சென்றது. சம்பலும் இஃப்தார் விரிப்பிலிருந்து மறைந்தது. பொரித்த பண்டங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2030இல் இன்ஷா அல்லாஹ் ஜனவரி ஆரம்பத்தில் ஒரு றமழானும், அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் இன்னொரு றமழானும் வரவிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் இரண்டுமே மழையும் வல்லாரையும் உள்ள காலம்.

அந்த ஆண்டு எங்கள் வீட்டுக் கஞ்சிப் பானை மகனின் பொறுப்பு என்று அவனிடம் கூறிவிட்டேன். "சம்பலும் நான்தானா வாப்பா?" என்று கேட்டான். சம்பலை ராத்தாவோடு பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கஞ்சியை அடிவரை கிண்ட வேண்டும் என்பது அவனுக்கு இப்போதே தெரியும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.