பிறநாட்டு மேற்படிப்பும் ஒரு தந்தையின் கடிதமும்



சென்ற ஆண்டின் பிற்பகுதியில் வடமராட்சியிலிருந்து ஒரு தந்தையார் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் புவியியலிற் சிறப்புப் பட்டம் பெற்றவர். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் தேறியவர். இங்கிலாந்திலுள்ள ஒரு பல்கலைக்கழகம் அவரை ஓராண்டு முதுமாணி வகுப்பிற் சேர்த்துக்கொள்ள இசைந்துவிட்டது. கட்டணத்துக்கும் உணவு உறையுளுக்குமாக வேண்டிய பணமோ அக்குடும்பத்தின் கையில் இல்லை. வீட்டோடு சேர்ந்து எட்டுப் பரப்புத் தோட்டக்காணி இருக்கிறது. அதனை ஈடு வைத்து மகனை அனுப்பலாமா என்பதே அவர் கேட்ட வினா. அக்கடிதத்துக்கு நான் எழுதிய விடையை இன்று சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். அத்தந்தையாரின் நிலையிலே நம்மிடையே பலர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிறநாட்டு மேற்படிப்பு என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் பொருள் உண்மையில் ஒன்றன்று. இங்கிலாந்தில் வகுப்பறையில் இருந்து கற்கும் முதுமாணிப் பட்டம் பெரும்பாலும் ஓராண்டில் முடிவது. அதற்குரிய கட்டணத்தை மாணவரே செலுத்துவது அங்கு வழக்கம். அயல்நாட்டு மாணவருக்கு அக்கட்டணம் மிகுதி. நல்ல பெறுபேறுடைய ஒருவருக்கு அத்தகைய வகுப்பில் இடம் கிடைப்பது பெரிதும் கடினமன்று. கடினமானது பணமே. அமெரிக்காவிலோ, முதற்பட்டம் பெற்ற ஒருவர் முதுமாணி என்ற படியில் ஏறாமலே கலாநிதிப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அது ஐந்து ஆறு ஆண்டுகள் செல்லும் நெடும் படிப்பு. ஆயினும் விஞ்ஞானத் துறைகளில் அவ்வாறு சேர்த்துக்கொள்ளப்படுபவருக்குப் பல்கலைக்கழகம் கட்டணத்தை நீக்கி, மாதந்தோறும் உதவிப்பணமும் கொடுப்பதே பொது வழக்கு. அதற்கு ஈடாக அம்மாணவர் கீழ் வகுப்புக்களுக்குக் கற்பித்தலோ பேராசிரியரின் ஆய்வில் உதவுதலோ செய்வார். ஜேர்மனியிற் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் படிப்புக் கட்டணமே வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலமோ 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத மாணவரிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ பெறுகிறது. கட்டணம் இல்லாவிடினும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய தொகையை விசா பெறுமுன்னரே அங்குள்ள தனிக் கணக்கொன்றில் இட்டுக் காட்டவேண்டும் என்பதை மறக்கலாகாது.

இவற்றுள் ஒன்றையேனும் அத்தந்தையாரோ மகனோ அறிந்திருக்கவில்லை. அவர்களுக்கு வழிகாட்டியவர் ஒரு முகவர். அவர் ஒரு சதமும் வாங்காமல் எல்லாவற்றையும் செய்து கொடுத்தார் என்று கடிதத்தில் நன்றியோடு குறிப்பிட்டிருந்தார்கள். பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, தமக்கு மாணவரைச் சேர்த்துக் கொடுக்கும் முகவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுக்கின்றன. ஆகவே கட்டணம் வாங்கும் இடத்தை முகவர் காட்டுவார். பணம் கொடுத்துப் படிப்பிக்கும் இடத்தை அவர் ஏன் காட்டப் போகிறார்? அவர்மீது குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கடைக்காரர் தம் கடைச் சரக்கைத்தானே விற்பார்.

அம்மகனை என்னிடம் வருமாறு எழுதினேன். ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார், அடக்கமான பிள்ளை. விண்ணப்பத்தோடு அனுப்பிய நோக்க விளக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். சிறு வயது தொட்டே தமக்கு அறிவியலிலே அணையாத வேட்கை உண்டென்றும், அப்பல்கலைக்கழகம் உலகப் புகழ் வாய்ந்ததென்றும், அங்கு கற்றுத் தாய்நாட்டுக்குத் தொண்டாற்ற விரும்புவதாகவும் இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார். பிழையில்லாத ஆங்கிலம். ஆனால் அதிலுள்ள பெயரை மாற்றிவிட்டால் அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்; எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். விண்ணப்பங்களைப் படிக்கும் பேராசிரியர் இத்தகைய கடிதங்களை நூற்றுக்கணக்கிற் பார்ப்பவர். நானும் என் பங்குக்குச் சில நூறு பார்த்திருக்கிறேன். அணையாத வேட்கை என்ற சொற்றொடரைக் கண்டதும் கண் தானாகவே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

கடிதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பட்டப்படிப்பின் இறுதியாண்டில் எதைப்பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினீர் என்று கேட்டேன். அப்போது அவர் முகம் மாறியது. தம் ஊர்க் கிணறுகளைப் பற்றியது என்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை என்பதை நேயர்கள் அறிவீர்கள். மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. அதுவே நம் கிணற்று நீர். நன்னீர், கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது விதி. இதன் மறுபுறத்தையும் எண்ணிப்பாருங்கள். இயந்திரத்தால் இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்திவிட்டால், நாளடைவில் அடியிலுள்ள உவர்நீர் நாற்பது அடி மேலெழ இடமுண்டாகிறது. இதனை அவர் எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டுச் சொன்னார்: ‘சேர், எங்கட கிணறு ஆவணியில உவர்க்கும், நூறு யார் தள்ளியிருக்கிற கிணறு உவர்க்கிறதில்லை. இரண்டும் ஒரே ஆழம். ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.’

இதனை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கிணற்றைப் பற்றியெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்!

நேயர்களே, இவ்விடத்திற் சற்று நின்று சொல்லவேண்டியது உண்டு. நாம் விண்ணப்பம் என்றால் மன்றாட்டம் என்று பொருள் கொண்டுவிட்டோம். ஆய்வுப் பட்டத்துக்கு எழுதும் விண்ணப்பத்தில் நாம் கொண்டுசெல்வது ஒரு வினா. அவ்வினாவில் அக்கறையுள்ள ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று தேடுவதே விண்ணப்பத்தின் பாதி வேலை. நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. தினகரன் ஆசிரியராக இருந்த கைலாசபதி அவர்கள் 1960களிற் கலாநிதிப் பட்டத்துக்காகப் பேர்மிங்காம் சென்றார். அவருக்கு ஆசிரியராக அமைந்த ஜோர்ஜ் தொம்சன் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். கிரேக்க மொழிப் பேராசிரியர். பழைய கிரேக்க இலக்கியத்தை அதனைத் தோற்றுவித்த சமுதாயத்தோடு சேர்த்து ஆராய்ந்தவர். சங்கச் செய்யுள்களைக் கிரேக்க வீரகாவியங்கள் முதலியவற்றோடு ஒப்பிட்டு நோக்க முற்பட்ட ஒருவருக்கு அவரே தக்கவர். அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போட்டில் நூலாக வெளிவந்தது. பின்னர்ச் சிவத்தம்பி அவர்களும் அதே ஆசிரியரிடம் சென்று, பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தில் நாடகம் என்ற பொருளை ஆராய்ந்து பட்டம் பெற்றார். உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் இவ்விருவரும் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

அத்தகைய ஆசிரியருக்கு எவ்வாறு எழுதுவது? 1928இல் ஜேர்மானிய அறிஞர் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர் அவரைக் கண்டு உரையாடினார். தாம் கற்ற பௌதிகம் பழையதாகிவிட்டது என்று அப்போதுதான் அறிந்தார். புதியதைத் தாமே கற்று, ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜிலிருந்த பௌலர் என்பாருக்கு 1929 ஜனவரியில் அனுப்பினார். பௌலரின் கட்டுரையை நூல்நிலையத்திற் படித்திருந்தமையே அவருக்கிருந்த ஒரே அறிமுகம். பௌலர் அக்கட்டுரையை இங்கிலாந்தின் றோயல் சங்கத்து வெளியீட்டுக்குச் சமர்ப்பித்தார். அடுத்த ஆண்டு சந்திரசேகர் அரச புலமைப்பரிசில் பெற்றுக் கப்பலேறியபோது, அவருடைய ஆசிரியராக அமைந்தவர் அதே பௌலர்தான். எல்லாரும் சந்திரசேகர் ஆக முடியாது. எனினும் எழுதுபவரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு எழுதுவது எல்லாராலும் முடியும். மின்னஞ்சல் பதினைந்து வரிக்கு மேற்படவேண்டாம். உம்முடைய வினா என்ன, அதில் இதுவரை என்ன செய்தீர், வரும் ஆண்டில் அவர் புதிய மாணவரைச் சேர்க்கிறாரா: இம்மூன்றும் போதும். விடை வராவிட்டால் இரண்டு வாரங்கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதன்பின் அவரை விட்டுவிடுக.

பரிந்துரைக் கடிதங்களிலும் நாம் தவறுகிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூவரிடம் கேட்கும். இங்கிலாந்தில் இருவர் போதும். நம்மவர் உடனே பெரிய பதவியிலுள்ள உறவினரைத் தேடிச் செல்வர். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் கடிதத்தைக்கூட இவ்வாறு கண்டிருக்கிறேன்! அம்மாணவரின் கட்டுரையைச் சிவப்பு மையால் திருத்திய இளம் விரிவுரையாளர் எழுதும் ஒரு பக்கம் அதனினும் பன்மடங்கு பெறுமதியுடையது. அவருக்கு ஆறு வார அவகாசமாவது கொடுக்கவேண்டும். பெறுபேற்றுப் பத்திரத்தின் பிரதியையும் நோக்க விளக்கத்தையும் கையிற் கொடுக்கவேண்டும்.

காலம் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் ஆவணி புரட்டாதியில் தொடங்கும் வகுப்புக்கு முந்திய டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ விண்ணப்ப முடிவுநாள் வந்துவிடும். பெறுபேற்றுப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறுவதற்கே ஒருமுறை என் மாணவர் ஒருவர் ஏழு வாரம் நடந்தார். எந்த அலுவலகம் என்று கூறமாட்டேன். ஆகவே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்னரே ஆயத்தம் தொடங்குதல் வேண்டும். ஆங்கிலத் தேர்வுகளின் புள்ளிகள் இரண்டு ஆண்டுக்கே செல்லும் என்பதால் அவற்றை மிக முந்தியும் எழுதக்கூடாது. ஜி. ஆர். ஈ. என்னும் தேர்வை இப்போது பல துறைகள் கேட்பதில்லை. வீணாகப் பணம் கட்டுமுன் அந்தத் துறையின் அறிவித்தலை நேரே படிக்கவேண்டும். உதவிப்பணத்தோடு இடம் தருவதாகக் கடிதம் வந்தால் உடனே தலையசைக்கவும் வேண்டியதில்லை. ஏப்ரில் 15ஆந் திகதிவரை மாணவர் விடைகூறாதிருக்கலாம் என்று பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பட்டிருக்கின்றன.

இங்கிலாந்துதான் வேண்டுமென்பவருக்கும் புலமைப்பரிசில் இல்லாமல் இல்லை. 1959இல் ஒக்ஸ்போட்டிற் கூடிய மாநாட்டில் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு இலங்கையரும் விண்ணப்பிக்கலாம். கட்டணம், விமானச் செலவு, வாழ்க்கைச் செலவு மூன்றையும் அது ஏற்கிறது. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பவேண்டும் என்பது அதன் கட்டுப்பாடு. அமெரிக்காவுக்குரிய புல்பிறைற் திட்டம் 1952 முதல் நம் நாட்டோடு தொடர்புடையது. யப்பானிய அரசின் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள அதன் தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். இவற்றுக்குப் போட்டி மிகுதி என்று கூறி முகவர்கள் மாணவரைத் தடுப்பதுண்டு. போட்டி மிகுதிதான், அதனால் விண்ணப்பிக்க ஒரு பரப்புக் காணியும் போகாதே.

இனி அத்தந்தையாருக்கு எழுதிய விடைக்கு வருகிறேன். ஈடு வைக்கவேண்டாம் என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அங்கு கற்றபின் வேலை கிடைக்கும், அதைக்கொண்டு கடனை அடைக்கலாம் என்று நம்பிச் சென்று அவ்வாறே அடைத்தவர்களும் இருக்கிறார்கள். வேலைக்கான விதிகளோ அந்தந்த அரசுகளின் கையில் உள்ளவை. நாம் விமானத்தில் இருக்கும்போதே மாறக்கூடியவை. ஆகவே இவ்வளவே எழுதினேன்: ‘இப்போது கிடைத்த இடத்தை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். அந்த ஓராண்டில் மகன் நிலத்தடி நீரை ஆராயும் ஆசிரியர்களுக்கு எழுதட்டும். ஆறு இடங்களுக்கேனும் உதவிப்பணத்தோடு கூடிய படிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். ஒன்றும் வராவிட்டால் அப்போது காணியைப்பற்றிப் பேசுவோம். காணி எங்கும் போய்விடாது.’

பல்கலைக்கழகம் ஒத்திவைக்க இசைந்தது. மகன் மறுபடியும் வந்தபோது புதிய நோக்க விளக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் முதல் வாக்கியத்திலேயே இரண்டு கிணறுகள் இருந்தன. இவ்வாண்டு சித்திரை முதல் தம் ஊரிலே பன்னிரண்டு கிணறுகளில் வாரந்தோறும் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதிவருகிறார். அளக்கும் கருவியை அவருடைய பழைய விரிவுரையாளர் இரவலாகக் கொடுத்திருக்கிறார். விண்ணப்பங்கள் மார்கழியில் அனுப்பப்படும்.