தீவின் நுனியில்



எடப்பாடிக்காரர்களுக்குக் கடல் என்றால் பூலாம்பட்டி காவிரிதான். கோடை லீவுக்கு மத்தியதரைக் கடல் தீவு ஏதாவது பார்க்கலாம்னான் என் மகன். ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப் போனேன்.

தீவிலிருந்து நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது தனுஷ்கோடி. மே மாதம், வடக்கே கடல் குளம் போல, தெற்கே ஒரே ஆர்ப்பரிப்பு. முன்பெல்லாம் இங்கே ரயிலிலிருந்து இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் புயல் ரயிலையே பயணிகளோடு வாரிக்கொண்டது. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ரோடு, நல்ல கூட்டம். இடிந்த சர்ச் சுவரில் பேர் கிறுக்குகிறார்கள். அத்தனை பேர் செத்த ஊரப்பா அது!

நம்ம பசங்க போனா, முனையில் குளிக்க இறங்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி. மீனவர் குடிசைக் கடையில் வறுத்த மீன் சாப்பிட்டுட்டு, பழைய ஸ்டேஷனைக் காட்டச் சொல்லுங்க.