கட்டியைக் குப்பையில் போட விடாதீங்க!

(நெய்வேலி கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஆள்காட்டி விரல் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி வந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கும்போது இடைஞ்சலாக இருக்கும். மரு என்று தலைமுடி கட்டச் சொன்னார்கள் சிலர். கொழுப்புக் கட்டி என்றார்கள் சிலர். குழுவில் உள்கடன் வாங்கி, ஒரு இடத்தில் அறுத்து எடுத்தேன். எடுத்த கட்டி குப்பைக்குப் போனது. எட்டு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப முளைத்தது. புற்றுநோயோ என்று தூக்கமே இல்லை.

இரண்டாவது தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டியை முழுசாக எடுத்து, ஃபார்மலின் மருந்தில் போட்டு டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். சந்தேகம் இருந்தால் எஸ்-100 என்று ஒரு சாய டெஸ்டும் செய்வார்களாம். முடிவு வந்தது: நரம்பு உறை மிக்சோமா. புற்றுநோய் இல்லை!

கரண்ட் ஒயர் மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? அதுபோல நரம்புக்கும் உறை உண்டு. அதில் வளரும் அபூர்வக் கட்டி இது. விரலில்தான் அதிகம் வரும். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் திரும்ப வரலாம். இதை வெளியில் இருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று. சிலருக்கு உடம்பு முழுக்க மெத்தென்ற கட்டிகளும், காபி நிறத் திட்டுகளும் இருக்கும். இதுவும் நரம்புக் கட்டிதான். 1882-லேயே ரெக்லிங்ஹாசன் என்ற ஜெர்மன் டாக்டர் விளக்கிய நோய். சுமார் 3000 பேரில் ஒருவருக்கு வருகிறது. தொட்டால் ஒட்டாது. இதைக் குஷ்டம் என்று நினைத்துத் தனித் தட்டு வைப்பது பாவம். குஷ்டத்தில் பெரும்பாலும் உணர்ச்சி இல்லாத தேமல் வரும். அதுவும் மாத்திரையில் குணமாகும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

சகோதரிகளே, மூன்று விஷயம் மறக்காதீங்க:

1. கட்டி வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, மரத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்க. நூல், முடி கட்டாதீங்க.

2. கட்டியை எடுக்கும் முன்பே, "டெஸ்டுக்கு அனுப்புவீங்களா?" என்று கேளுங்க. புதுச்சேரி ஜிப்மர், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இந்த வசதி உண்டு.

3. ரிசல்ட் பேப்பரை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்க.

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். நான் அன்றைக்கே கேட்டிருந்தால் இரண்டு தடவை கத்தி பட்டிருக்காது, இரண்டு தடவை கடனும் வாங்கியிருக்க மாட்டேன்.