வழக்குரை காதையும் மக்கள் மன்றமும்



பெசன்ட் நகருக்குப் பெருமை சேர்ப்பவற்றுள் ஒன்று டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம். 1943-இல் நிறுவப்பெற்ற அந்நிலையம் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அப்பெரியவரே சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் 1892-இல் செம்மையுறப் பதிப்பித்தார். எனினும் கண்ணகியின் வழக்கு அச்சுக்காகக் காத்திருக்கவில்லை. கோவலன் கதை என நாட்டுப்புறத்தில் பாடப்பெற்றது. சங்கரதாஸ் சுவாமிகளால் நாடகமாயிற்று. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகியம்மன் சடங்கின்போது பாடப்பெறும் நூலின் பெயரே 'கண்ணகி வழக்குரை' என்பதாகும். தெய்வத்தைப் பாடும் நூலுக்கு வழக்கு எனப் பெயரிட்ட மக்களின் நீதி வேட்கை எண்ணி வியத்தற்குரியது.

1942-இல் வெளிவந்த 'கண்ணகி' படத்தில் கண்ணாம்பாவும், 1964-இல் கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலில் வெளிவந்த 'பூம்புகார்' படத்தில் விஜயகுமாரியும் பாண்டியன் அவையில் நீதி கேட்டனர். உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த சிலையும் கையில் சிலம்பேந்தியே நின்றது. 2001-இல் அகற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் நிறுவப்பட்ட அச்சிலை இன்றும் அவ்வாறே நிற்கிறது.

மக்கள் மனத்தில் பதிந்திருப்பது சிலம்பு உடைந்த அந்த ஒரு கணம். இளங்கோவடிகளோ அதற்கு முந்தைய காட்சியையும் நுட்பமாகத் தீட்டியுள்ளார். தேவியின் ஊடல் தணிக்க விரைகின்ற மன்னன், வழியிடையே பொற்கொல்லன் கூற்றைக் கேட்கிறான். விசாரணை இல்லை, மறுதரப்பை அழைக்கவும் இல்லை. சிலம்பு கையிலிருந்தால் கொன்று கொணர்க எனக் காவலரை ஏவிவிட்டு நடந்துவிடுகிறான். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனல்லன் என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் களவு நூல் பேசி அவ்வையத்தை எள்ளி நகையாடுகிறான். அறிவற்ற ஒருவன் வாளை வீச, வழக்கு தொடங்குமுன்பே தண்டனை முடிந்துவிடுகிறது.

கண்ணகி கொண்டுவந்தது கண்ணீர் மட்டுமன்று, சான்று. தேவியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பில் மாணிக்கம். அரசன் தன் தரப்புச் சிலம்பைத் தானே வரவழைத்து முன்வைக்கிறான். பரல் தெறித்ததும் தன் பிழையை மறுக்காது ஏற்று உயிர் நீக்கிறான். கொலைக்கு முன் நடந்திருக்க வேண்டிய விசாரணை, கொலைக்குப் பின் நடைபெற்றது. காப்பியத்தின் அவலம் இதுவே.

அவலம் அத்துடன் முடிந்ததா? மதுரையை எரித்தபோதும் அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீத்திறத்தார் பக்கமே சேர்க எனத் தீக்கடவுளை ஏவினாள் கண்ணகி. ஆனால் அவள் சினம் தணிப்பதாகக் கருதி, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அக்காப்பியமே உரைக்கிறது. ஒருவன் செய்த வஞ்சத்திற்கு ஆயிரவர் உயிர்! சான்றில்லாமல் கோவலன் மாண்டான். அவன் பொருட்டு மாண்ட ஆயிரவர்மீது சாட்டக் குற்றமே இல்லை. அவர்தம் தொழிலே குற்றமாயிற்று. அவர்களுக்காக எந்த அவையிலும் எவரும் சிலம்பேந்தி வரவில்லை.

கவிஞர்களே! கண்ணகியைப் பாடாத கவியரங்கம் அரிது. கதைத்தலைவி நீதி பெறும்போது கைதட்டும் மக்கள் மன்றம், பெயரற்ற ஆயிரவரை மறந்துவிடுவது எளிது. காவல் விசாரணையில் ஓருயிர் போகும்போதும், ஒருவன் குற்றத்திற்காக அவன் குலத்தையே ஊர் ஒதுக்கும்போதும் அப்பழங்காட்சிகள் புதிதாக நிகழ்கின்றன. ஐயுற்று நின்ற அக்காவலரின் தயக்கத்தையும், கேட்பாரற்று மாண்ட அப்பொற்கொல்லரின் குரலையும் பாடும் கவிதைக்காகத் தமிழ் காத்திருக்கிறது. அக்கவிதை இவ்வட்டத்திலிருந்தே எழுமாயின், பத்தாண்டுப் பணிக்கு அதனினும் சிறந்த மணிமகுடம் வேறில்லை.