பிரேக் குழாயில் காற்று

(தோட்ட மண்டபத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

பொழுது புலருமுன் பிரட்டுக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் நமக்குத் துணை நிற்பது மோட்டார் சைக்கிள். அதனை ஓட்டும் இயந்திரத்தின்மீது காட்டும் அக்கறையில் பாதியையேனும், அதனை நிறுத்தும் பிரேக்கின்மீது காட்டுகிறோமா? இக்கேள்வியை முதலில் என்னையே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆசிரியப் பணியில் இருந்த நாளில், என் வண்டியின் முன் பிரேக் கைப்பிடி பஞ்சுபோல் அமுங்கத் தொடங்கிற்று. இரண்டு மூன்று முறை அழுத்தினால் பிடித்தது. ‘இது போதும்’ என்று பல வாரங்கள் ஓட்டினேன். மழை பெய்த ஒரு காலையில், மகளைப் பின்னால் அமர்த்திச் சரிவில் இறங்கியபோது மாடு ஒன்று குறுக்கே வந்தது. கைப்பிடி முழுவதும் உள்ளே சென்றது, வண்டி நிற்கவில்லை. இரண்டாம் முறை அழுத்த நேரம் ஏது? கால்வாயில் விழுந்தோம். மகளின் கை முறிந்தது. ஒரு மணி நேர வேலையைத் தள்ளிப்போட்டதற்கு நான் கொடுத்த விலை அது.

கைப்பிடி ஏன் அமுங்குகிறது? மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்று சுருங்கி இடம் கொடுக்கும். அதே பம்பில் நீரை நிரப்பி அழுத்தினால் சற்றும் அசையாது. அடைபட்ட திரவத்தின்மீது தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662) விளக்கினார். டிஸ்க் பிரேக் இயங்குவது இவ்விதியால்தான். குழாயில் காற்று புகுந்தால், கையின் வலிமை அக்காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது.

காற்று புகும் வழிகள் யாவை? எண்ணெய்க் கிண்ணம் வற்றுதல், இணைப்புகள் தளர்தல், பழுது பார்த்தபின் காற்றை முறையாக வெளியேற்றாமை ஆகியவை. மற்றொன்றும் உண்டு. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைப் புது எண்ணெயின் கொதிநிலை 230 பாகை செல்சியசுக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் அது 155 பாகை வரை இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால், பழைய எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றும். ஆகவே தாழ்ந்த கியரில் இறங்குங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றுங்கள்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். வண்டியை நேராக நிறுத்தி, கிண்ணம் மட்டமாக இருக்கும்படி கைப்பிடியைத் திருப்புங்கள். மூடியைத் துடைத்துத் திறந்து, அதில் குறித்துள்ள வகை எண்ணெயையே, புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து ஊற்றுங்கள். இயந்திர எண்ணெய் கூடவே கூடாது; அது ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். சக்கரத்தருகே உள்ள காற்றுத் திருகில் தெளிவான சிறு குழாயைப் பொருத்தி, மறுமுனையைச் சிறிது எண்ணெயுள்ள புட்டியில் அமிழ்த்துங்கள்.

ஒருவர் கைப்பிடியை மெல்ல இரண்டு மூன்று முறை அழுத்தி, இறுகப் பிடித்திருக்க வேண்டும். மற்றவர் திருகைக் கால் சுற்றுத் திறந்தால், எண்ணெயுடன் குமிழ்கள் வெளிவரும். திருகை மூடிய பின்னரே கைப்பிடியை விட வேண்டும். முன்னரே விட்டால் காற்று மீண்டும் உள்ளே புகும். குமிழ் நிற்கும்வரை இவ்வாறே செய்யுங்கள். இடையிடையே கிண்ணத்தை நிரப்புங்கள்; அது வற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். பிடிவாதமான குமிழ்கள் மேலேற, குழாயைக் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டுங்கள். வெளிவந்த எண்ணெயை மறுபடி ஊற்றாதீர்கள். வண்ணப்பூச்சில் சிந்தினால் உடனே நீர் விட்டுக் கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் சோதனை செய்யுங்கள். முதல் அழுத்தத்திலேயே கைப்பிடி கெட்டியாக நிற்க வேண்டும். ஒரு நிமிடம் இறுகப் பிடித்திருந்தால், அது மெல்ல இறங்கலாகாது. இறங்கினால் உள்வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசியலாம். அது பட்டறையில் பார்க்க வேண்டிய பழுது. கிண்ணத்தில் எண்ணெய் குறைந்திருந்தால் பிரேக் கட்டை தேய்ந்துள்ளதா என்றும் பாருங்கள். ஏபிஎஸ் பொருத்திய வண்டியைப் பட்டறையிடமே ஒப்படையுங்கள். இறுதியாக, லயத்துச் சமவெளியில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்த பின்னரே சாலைக்குச் செல்லுங்கள்.

அன்பர்களே! நாளைக் காலை வண்டியைக் கிளப்புமுன் பிரேக் கைப்பிடியை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு முறை. ஏனெனில் ஆபத்து வரும்போது இரண்டாம் முறைக்கு நேரம் கிடைப்பதில்லை. அது பஞ்சுபோல் அமுங்கினால், பின்னிருக்கையில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.