மருந்தும் மந்திரமும்
(நாக்பூரில் நடைபெற்ற சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரியான மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

முதலில் ஒரு விண்ணப்பம். இந்த உரையை எழுதி வைத்துப் படிக்கிறேன். இடையில் ஏதாவது ஒரு வார்த்தையில் நான் நின்றுவிட்டால் யாரும் பதற வேண்டாம். முன்வரிசையில் என் பேரன் இன்னொரு பிரதியுடன் உட்கார்ந்திருக்கிறான். அவன் எடுத்துக் கொடுப்பான்.

"வியாதியும் பக்தியும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார் நமது காரியதரிசி. நான் வைத்தியனும் அல்ல, உபன்யாசகனும் அல்ல. பௌதிகம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி. வானிலை ஆய்வுத் துறையில் 36 வருஷம் மழையையும் வெயிலையும் அளந்தவன். இப்போது வயது 74. பதினைந்து மாதங்களாக மூளைப் புற்றுநோயுடன் குடித்தனம் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தைச் சொல்கிறேன். யாருக்காவது உபயோகப்பட்டால் சந்தோஷம்.

வந்த விதம்

2024 ஜனவரி. எனக்கு முதலில் தலைவலி எல்லாம் இல்லை. வார்த்தைகள்தான் தொலைந்தன. டபராவைப் பார்த்தால் அது என்ன என்று தெரியும், பெயர் வராது. பத்து நாள் கழித்து வலது கை மரத்து இழுத்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடது பக்க மூளையில், பேச்சுக்கு அருகிலேயே கட்டி. அறுவை சிகிச்சையில் எடுக்க முடிந்த மட்டும் எடுத்தார்கள். பரிசோதனை முடிவு 'கிளியோபிளாஸ்டோமா', நான்காம் நிலை.

மூளைக் கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. 'மெனிஞ்சியோமா' என்று மூளையின் உறையில் வளரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களில் ஆரம்பித்து மூளைக்கு வந்து சேரும் புற்றுநோயும் உண்டு. அதன் வைத்தியம் வேறு. எனக்கு வந்தது மூளைக்குள்ளேயே பிறந்தது. வேர் விட்டுப் பரவும் ஜாதி. அதனால்தான் கத்தியால் மட்டும் தீராது, கதிரும் மாத்திரையும் வேண்டும் என்கிறார்கள். பொதுவாக இது பரம்பரையாக வருவது இல்லை. தொற்றுவதும் இல்லை. "என்ன பாவம் செய்தாரோ" என்று யாராவது காதில் சொன்னால், அந்தக் காதை மூடிக்கொள்வது க்ஷேமம்.

வைத்தியம்

வயதை உத்தேசித்து எனக்குப் பதினைந்து நாள் ரேடியேஷன் போதும் என்றார்கள். முகத்துக்கு அச்சாக, வலை போன்ற பிளாஸ்டிக் முகமூடி செய்து, அதை மேஜையோடு பிணைத்துவிடுவார்கள். தலை இம்மியும் அசையக் கூடாது. காலையில் இட்ட விபூதியை அங்கே துடைத்துவிட்டுப் படுப்பேன். வீட்டுக்கு வந்து மறுபடி இட்டுக்கொள்வேன்.

மொத்தம் 40 'கிரே' கதிர். கிரே என்பது ஒரு கிலோ எடையில் ஒரு ஜூல் சக்தி. பழைய பௌதிக மாணவன் ஆயிற்றே, படுத்தபடியே கணக்குப் போட்டேன். அத்தனை கதிரையும் தண்ணீரில் செலுத்தினால் அது ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குதான் சூடேறும். காபி ஆற்றுவதற்குக்கூடக் காணாது. ஆனால் அந்தச் சிறு சக்தி, செல்லின் உள்ளே டி.என்.ஏ. இழையைப் போய் அறுக்கிறது. அளவு முக்கியமல்ல, எங்கே போய்ச் சேருகிறது என்பதே முக்கியம். ஜபத்துக்கும் இது பொருந்தும் என்று தோன்றியது.

கதிரோடு சேர்த்து 'டெமோசோலமைட்' என்ற மாத்திரை. பிறகு 28 நாளுக்கு ஒரு சுற்று, அதில் ஐந்து நாள் மாத்திரை. இப்படி ஆறு சுற்று. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். அதற்கு முன் வாந்தியைத் தடுக்க ஒரு மாத்திரை. இரத்தத்தில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் குறைகிறதா என்று அவ்வப்போது பரிசோதனை. மூளை வீக்கம் வற்ற ஸ்டீராய்டு. இந்த ஸ்டீராய்டு இருக்கிறதே, அது சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தை விரட்டும், பசியைக் கிளப்பும். நடுராத்திரி இரண்டு மணிக்குத் தயிர்சாதம் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன். என் சஹதர்மிணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஏகாதசி உபவாசத்தை டாக்டர் நிறுத்தச் சொன்னார். எனக்கு மனது கேட்கவில்லை. நம் வாத்தியாரைக் கேட்டேன். "நோயாளிக்கு சாஸ்திரமே விலக்குக் கொடுத்திருக்கு. நீங்க ஏன் சாஸ்திரத்தை மீறணும்?" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

கணக்கு சொல்வது என்ன?

புள்ளிவிவரத்தை நானே தேடிப் படித்தேன். மறைக்க வேண்டியதில்லை. கதிரோடு இந்த மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து 2005இல் வெளியான ஆய்வில், பாதிப் பேர் 14.6 மாதத்தைத் தாண்டினார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எனக்குச் செய்தது போன்ற குறுகிய வைத்தியம் செய்து 2017இல் வெளியான ஆய்வில் அது 9.3 மாதம். மாத்திரை இல்லாமல் கதிர் மட்டும் என்றால் 7.6 மாதம்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அவர்களுக்கு மழைக் கணக்கைச் சொன்னேன். நாக்பூருக்குச் சராசரி மழை என்று ஓர் அளவு உண்டு. என் சர்வீஸில் ஒரு வருஷம்கூட அந்த அளவு அப்படியே பெய்ததில்லை. ஒன்று கூடும் அல்லது குறையும். இந்த மாதக் கணக்கும் நடுப்புள்ளிதான். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். அது கூட்டத்தைப் பற்றிச் சொல்லுமே தவிர, என்னைப் பற்றிச் சொல்லாது. அதே சமயம் மேகத்தைப் பார்த்த பிறகு குடை எடுக்காமல் போகிறவன் புத்திசாலியும் அல்ல. ஆகவே உயில் எழுதினேன். வங்கிக் கணக்குகளில் மனைவியின் பெயரைச் சேர்த்தேன். கையெழுத்து மாறிப்போகும் முன்பே இவற்றை முடிக்க வேண்டும். நினைவு தப்பிய பின் என்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018இல் சுப்ரீம் கோர்ட் வழி செய்தது. 2023இல் அந்த நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜடெட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். எத்தனையோ பேருக்கு அட்டெஸ்ட் செய்து கொடுத்த நான், எனக்காக ஓர் இளம் அதிகாரியின் மேஜை முன் நின்றேன்.

பிரார்த்தனை பலித்ததா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் பிரார்த்தித்ததால் நோயாளிகளுக்குச் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. தெரியாதவர்களுக்கு 51, 52 சதவீதம்தான். விஞ்ஞானம் படித்தவன் இதை மூடி மறைக்க முடியாது. பகவானைப் பரிசோதனைக் குழாயில் போட்டு அளக்க முடியாது என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் என் பிரார்த்தனை ஒரு மனு அல்ல. ஆபீஸில் மனு வாங்கி வாங்கி எனக்கே அலுத்துவிட்டது! ரமண மகரிஷிக்கு இடது கையில் புற்றுக் கட்டி வந்தது. நான்கு முறை அறுவை செய்தார்கள். ரேடியம் சிகிச்சையும் நடந்தது. கையையே எடுக்க வேண்டும் என்றபோது மட்டும் வேண்டாம் என்றார். 1950 ஏப்ரல் 14 அன்று சித்தியடைந்தார். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. வலி உடம்புக்கு என்று இருந்தார். ஸ்ரீராமகிருஷ்ணருக்கும் தொண்டையில் புற்று. 1886இல் மறைந்தார். அந்த மகான்களே டாக்டரிடம் உடம்பைக் கொடுத்தார்கள். கீமோவை நிறுத்திவிட்டுப் பரிகாரம் மட்டும் செய்யுங்கள் என்று எனக்குச் சொன்ன உறவினர்களிடம் இதைத்தான் சொன்னேன். பரிகாரமும் செய்தோம், மாத்திரையையும் விடவில்லை. டாக்டருக்குத் தெரியாமல் எந்த லேகியமும் சூரணமும் எடுத்துக்கொள்ளவில்லை.

பக்தி எனக்குச் செய்தது வேறு. தூக்கமில்லாத ராத்திரிகளில் பயம் வந்து பக்கத்தில் உட்காரும். அதை விரட்ட முடியாது. நாமாவைச் சொல்லச் சொல்ல, அதுவும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். அவ்வளவுதான். அதுவே பெரிது.

மந்திரம் மறந்தால்?

இப்போது எனக்கு மிகவும் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலை சந்தியாவந்தனத்தில் பாதியில் நின்றுவிட்டேன். எட்டு வயதிலிருந்து சொல்லி வந்த மந்திரம். அடுத்த வார்த்தை வரவில்லை. நெஞ்சில் பதிந்தது என்று நினைத்திருந்தது உண்மையில் மூளையில், கட்டிக்குப் பக்கத்து வீட்டில், இருந்திருக்கிறது. எல்லாம் போனாலும் இது கூட வரும் என்று நம்பினேனே, இதுவும் போகுமா? கையில் உத்தரணியோடு அழுதேன்.

பேரனுக்கு இரண்டு வருஷம் முன்தான் உபநயனம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, நான் சொல்றேன், நீங்க கூடவே வாங்கோ" என்று ஸ்வரத்தோடு ஆரம்பித்தான். அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்த அதே ஏற்ற இறக்கம். வார்த்தை வராத இடத்திலும் ராகம் வந்தது. ராகத்தைப் பிடித்துக்கொண்டு பல இடங்களில் வார்த்தையும் வந்தது. பேச்சு போனவர்களுக்கும் பாட்டு வருவதுண்டு, பாட்டில் மூளையின் மறுபாதிக்கும் பங்கு இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். நம் முன்னோர்கள் வேதத்தை ஸ்வரத்தோடு காப்பாற்றியதன் பலன் எனக்கு இந்த வகையில் கிடைத்தது.

அதுவும் ஒரு நாள் போகலாம். அப்போது? இதை ஒரு வைஷ்ணவ நண்பரிடம் கேட்டேன். அவர் வராஹ சரம சுலோகத்தின் பொருளைச் சொன்னார். நல்ல நினைவோடு இருக்கும்போது என்னை நினைத்தவன், கடைசியில் கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும்போது, அவன் என்னை நினைக்க வேண்டாம், நான் அவனை நினைக்கிறேன் என்கிறார் பகவான். பெரியாழ்வாரும் அந்திமத்தில் நினைக்க முடியாது என்று அஞ்சி, அரங்கனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொண்டார். அன்று முதல் எனக்கு அந்தப் பயம் பெருமளவு குறைந்தது. ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது மட்டும் அல்ல.

சில யோசனைகள்

எந்த ஊரிலாவது உறுப்பினர் வீட்டில் இந்த வியாதி வந்தால் உதவும் என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

வலிப்பு வந்தால் வாயில் ஸ்பூன், சாவி எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் உடனே மருத்துவமனை. நோயாளி வண்டி ஓட்டக் கூடாது.

வலி நிவாரண வைத்தியம் என்பது கைவிடுவது அல்ல. அந்த டாக்டர்களை ஆரம்பத்திலேயே பாருங்கள்.

பார்க்க வருகிறவர்கள் போன் செய்துவிட்டு வாருங்கள். "எத்தனை நாள் சொல்லியிருக்கா?" என்று வாசலில் விசாரிக்காதீர்கள், உள்ளே கேட்கும். கிரிக்கெட் பேசுங்கள். நான் ஒரு வார்த்தையைத் தேடும்போது கொஞ்சம் பொறுத்திருங்கள். முடிந்தால் இரண்டு மணி நேரம் நோயாளியுடன் உட்கார்ந்து, வீட்டு அம்மாளைக் கோவிலுக்கு அனுப்பி வையுங்கள். அதைவிடப் பெரிய கைங்கர்யம் இல்லை.

சென்ற மாத ஸ்கேனில் கட்டி இருந்த இடத்தின் ஓரத்தில் ஒரு சிறு மாற்றம் தெரிகிறது. வியாதி திரும்பியதா, கதிரின் பின்விளைவா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். வானிலைக்காரனுக்குக் காத்திருப்பது புதிதல்ல. மாத்திரை வேளைக்கு மாத்திரை, சந்தி வேளைக்கு அர்க்யம். இரண்டும் நடக்கிறது.