உருவம் தந்த சொற்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பார்சல் ஆபீஸில் ரசீது எழுதும் குமாஸ்தா நான். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்க எனக்கு வாய்க்கவில்லை. அத்தகைய ஒருவன் ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைப் பேச மேடை ஏறுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் இந்த விஷயத்தை நான் தேடிப் போகவில்லை. என் மகள்தான் இதை என் தலையில் ஏற்றி வைத்தாள்.

ஓர் இரவு பாடம் படித்துக்கொண்டிருந்தவள், "அப்பா, பிரண்ட் என்றால் நண்பர், ஷிப் என்றால் கப்பல். அப்படியானால் பிரண்ட்ஷிப் என்பது நண்பர்கள் ஏறும் கப்பலா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். இருபது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் எழுதியே பிழைப்பவனுக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கம் உறுத்தவே, ஓய்வு நாட்களில் வாசகசாலைக்குச் சென்று பெரிய அகராதிகளைப் புரட்டலானேன். அங்கே கண்டவற்றுள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பர். 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்ற பின்னர் பிரெஞ்சுச் சொற்கள் பெருகிப் புகுந்தன. வடிவத்தைக் குறிக்க இன்று நாம் வழங்கும் 'பார்ம்', 'பிகர்', 'ரவுண்ட்', 'ஸ்கொயர்' ஆகியவை அவ்வழி வந்தவையே. அவற்றுக்கெல்லாம் மூத்த சொல் 'ஷேப்'.

இன்று 'ஷேப்' என்றால் வெறும் வடிவம். அன்றோ அதன் வினைச்சொல்லுக்குப் படைத்தல் என்பது பொருள். 'ஷிப்பெந்த்' என்றால் படைத்தவன், அதாவது கடவுள். இன்று விட்பி எனப்படும் ஊரின் மடத்தில் 7ஆம் நூற்றாண்டில் மாடு மேய்த்தவர் கேட்மன். விருந்தில் யாழ் தம் பக்கம் வருவதைக் கண்டால், பாடத் தெரியாத நாணத்தால் அவர் எழுந்து போய்விடுவாராம். ஓர் இரவு கனவில் ஒருவர் தோன்றிப் படைப்பைப் பற்றிப் பாடுமாறு பணிக்க, அவரும் பாடினார் என்று பீட் என்ற துறவி 731இல் முடித்த வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். இன்று கிடைக்கும் மிகப் பழைய ஆங்கிலப் பாடலாகக் கருதப்படும் அச்சிறு பாடலில் இறைவனைக் குறிக்க இந்தச் சொல்லே வருகிறது. எழுத்தறியா மாட்டுக்காரர் பாடியது இன்றும் நிற்கிறது என்பது என் போன்றோர்க்கு ஓர் ஆறுதல்!

இனி மகளின் கேள்விக்கு வருவோம். 'பிரண்ட்ஷிப்' என்பதன் பின்பகுதிக்கும் கப்பலுக்கும் உறவில்லை. அது 'ஷேப்' என்ற சொல்லின் உடன்பிறப்பு. ஆகவே நட்பு என்பது நண்பர் இருவர் கூடி உருவாக்கிய நிலை. இயற்கைக் காட்சியைக் குறிக்கும் 'லாண்ட்ஸ்கேப்' என்பதும் இக்குடும்பமே. ஓவியர்கள் வழியாக டச்சு மொழியிலிருந்து வந்தது.

மற்றொரு சொல் 'லீச்'. பழைய ஆங்கிலத்தில் அதற்கு உடல் என்று பொருள். ஆங்கில நாட்டுத் தேவாலயங்களின் முன்னே, அடக்கத்திற்குக் கொண்டுவரும் உடலைச் சற்றே இறக்கி வைக்கும் கூரை வேய்ந்த வாயிலுக்கு 'லிச்கேட்' என்ற பெயர் இன்றும் உண்டு. 'போல' என்னும் பொருள்படும் 'லைக்' என்பதும் இதன் வழி வந்ததே. ஒத்த உடலுடையது என்பது கருத்து. 'பிரண்ட்லி' என்பதன் கடைசியில் நிற்கும் 'லி'யும் அதுவே. பிணத்தைக் குறித்த சொல் அன்பான நடத்தைக்கு வால் ஆயிற்று.

'ஹ்யூ' என்றால் இன்று நிறம். முன்னாளில் அது தோற்றத்தையும் உருவத்தையும் குறித்தது. நம் 'வண்ணம்' என்ற சொல்லும் நிறத்தைக் குறிப்பதோடு, 'இவ்வண்ணம்' என்னும்போது விதத்தைக் குறிக்கவில்லையா? இவ்விரு சொற்களுக்கும் உறவில்லை. மனித மனம் எங்கும் ஒரே பாதையில் நடக்கிறது, அவ்வளவே.

நிற்க. ரயில்வேக்காரன் என்ற முறையில் என்னை மிகவும் மகிழ்வித்தது இதுதான். 'ரைட்' என்ற பழைய சொல்லுக்கு நேரானது என்று பொருள். 'ராங்' என்பது வடநாட்டுக் கடலோடிகளான நார்ஸ் மக்களின் மொழியிலிருந்து வந்தது. கோணியது, முறுக்கியது என்பது அதன் பொருள். நேரான கோலுக்கான லத்தீன் சொல்லிலிருந்து 'ரூல்' பிறந்தது. 'ரெயில்' என்பதும் அதிலிருந்தே பிறந்தது. 'ரைட்' இவற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். நம் முன்னோரும் நேரான கோலைச் செங்கோல் என்றும், வளைந்த கோலைக் கொடுங்கோல் என்றும் கூறி, நீதியையும் அநீதியையும் குறித்தார்கள்!

இதை மகளிடம் பெருமையுடன் சொன்னேன். 'ரைட்' புரிந்தது; 'ராங்' புரிந்தது. பின்பு, "செங்கோல் என்றால் என்ன அப்பா?" என்றாள்.

என் வாய் அடைத்துப் போயிற்று. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஆங்கில வேரைத் தேடி அலைந்தவன், வீட்டில் வாடும் தமிழுக்கு நீர் வார்க்கவில்லை. ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தை அவள் படிக்க மாட்டாள். நான்தான் படித்துச் சொல்வேன். அது அவள் குற்றமன்று. சங்கத்துக்குச் சந்தாவைத் தவறாமல் கட்டினேன். ஞாயிறு தமிழ் வகுப்புக்கு மட்டும் அவளை ஒரு நாளும் அனுப்பவில்லை. மாற்றல் வரும், பரீட்சை வரும் என்று சாக்குச் சொல்லியே ஐந்து ஆண்டுகள் போயின.

அடுத்த ஞாயிறு அழைத்துச் சென்றேன். விரித்திருந்த பாய் பெரியது. அமர்ந்திருந்த குழந்தைகள் நால்வர். ஊதியம் பெறாமல் கற்பிக்கும் அம்மையார், நாற்பது பேர் இருப்பதுபோல் உற்சாகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று தலை குனிந்தேன்.

நம் சந்தா ரசீதில் 'மெம்பர்ஷிப்' என்று அச்சிட்டிருக்கிறோம். அதிலும் அந்த 'ஷிப்' இருக்கிறது. யாரோ ஓட்ட, நாம் ஏறி அமரும் கப்பல் அன்று அது. நாமே கூடி உருவாக்க வேண்டியது. ரசீதால் மட்டும் சங்கம் உருப்பெறாது. வரும் ஞாயிறு உங்கள் குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். என் மகள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். பாட்டியின் கடிதத்தில் முதல் இரண்டு வரிகளைத் தானே படித்துவிட்டாள்.